கோரைக் களை மட்டும் அடங்க மாட்டேன் என்கிறது, என்ன செய்யலாம்?

வணக்கம். மக்காச்சோளம் விதைத்த 3ஆம் நாள் பெண்டிமெத்தலின் என்ற களைக்கொல்லி தெளித்தேன். புல் விதைகள் முளைவிடும்போதே ஒடுங்கிவிட்டன. கோரை அசரவில்லை. அது கிழங்கிலிருந்து வருகிறது என்பது பிறகுதான் உறைத்தது!

அப்புறம் 2,4-டி அடித்தேன். வளர்ச்சி ஹார்மோன் போல நடித்துக் கொல்லும் மருந்து அது. அகன்ற இலைக் களைகள் முறுக்கிக்கொண்டு செத்தன. கோரை லேசாக மஞ்சளாகி, 10 நாளில் பழையபடி நிமிர்ந்துவிட்டது.

பாராகுவாட் பட்ட இலையை மட்டும்தான் கருக்கும். கிளைபோசேட் கிழங்குவரை இறங்கும், சரி, ஆனால் பயிரையும் சேர்த்துக் கொன்றுவிடுமே.

ஹாலோசல்ப்யூரான், அமினோ அமிலம் உருவாவதைத் தடுத்துக் கோரையை வாட்டும் என்று படித்தேன். மக்காச்சோளத்தில் தெளித்தவர்கள் இருக்கிறீர்களா? கோரைக்கு எத்தனை இலை இருந்தபோது அடித்தீர்கள்? ஒரு முறை போதுமா? அடுத்து பயறு விதைக்கப் போகிறேன், மருந்து மண்ணில் தங்கி அதைப் பாதிக்குமா?