நீதிமன்ற ஓவியர் பாணியில் போலீஸ் வேலையை வரைய ஆசை

கேள்வி (தூரிகைக்காரன்):
எழும்பூர் கவின்கலைக் கல்லூரியில் படிக்கிறேன். வெளிநாட்டு நீதிமன்ற ஓவியர்கள் மாதிரி போலீஸ்காரர்களின் அன்றாட வேலையை வரைய வேண்டும். துப்பாக்கி, துரத்தல் எல்லாம் சினிமாவுக்கு. கேஸ் கட்டோடு காத்திருக்கும் ஏட்டையா போதும். கோர்ட்டுக்குள் உட்கார்ந்து வரைய விடுவார்களா?

பதில் (பழைய காக்கி):
கோர்ட் டியூட்டி பார்த்தவன் நான். நீதிபதி அனுமதி இல்லாமல் உள்ளே நோட்டை எடுக்காதீங்க தம்பி, முதலில் எங்க ஆளே வந்து பிடுங்குவார். வராண்டாவைப் பாருங்க. ஏட்டையா கைதியின் விரல்களைத் தன் விரல்களோடு கோத்துப் பிடித்திருப்பார், தொப்பி கக்கத்தில், மறு கையில் டீ கிளாஸ். காதல் ஜோடி தோற்றுவிடும்! அதை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை.

பதில் (கரிக்கோல்):
இங்கிலாந்தில் 1925ஆம் ஆண்டுச் சட்டப்படி கோர்ட்டுக்குள் வரையவே கூடாது. குறிப்பு மட்டும் எடுத்துக்கொண்டு, வெளியே வந்து நினைவிலிருந்து தீட்டுவார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். கைதியின் முகம், காவலரின் பெயர்ப்பட்டை இரண்டையும் மாற்றிவிடுங்கள். காக்கிக்கு ஒரே பழுப்பைப் பூசாதீர்கள். முதுகு வியர்வையில் நனைந்த இடம் வேறு நிறம்.

தூரிகைக்காரன்:
சரி, திங்கட்கிழமை வராண்டாதான். ஐயா, டீ கிளாஸ் எந்தக் கையில்?

பழைய காக்கி:
இடது கை. வலது கையை சல்யூட்டுக்கு விட்டுவைக்க வேண்டுமென்று பெயர். அதில்தான் கைதி இருப்பார்.