பாட்டா வீட்டு வாட்ஸ்அப் குழு, 2025 நவம்பர் 2

அப்பா: இன்னைக்கு கல்லறைத் திருநாள். சாயங்காலம் 5 மணிக்கு சாமியார் வந்து கல்லறை மந்திரிப்பு. 4.30க்கே வந்திரணும். பூவும் மெழுகுதிரியும் வாங்கியாச்சு

குளச்சல் அத்தை: அண்ணா, பெண்கள் உலகக் கோப்பை ஃபைனல் மேட்ச்?

அப்பா: 3 மணிக்குதானே. கொஞ்சம் பாத்துட்டு வரலாம்

நான்: நவி மும்பையில மழை அத்தை. டாஸே போடல்ல

குளச்சல் அத்தை: மாதாவே

பெரியப்பா: பயப்படாதீங்க, நாளைக்கு ரிசர்வ் டே உண்டு. நம்ம பிள்ளைகள் 2005லயும் 2017லயும் ஃபைனல்ல தோத்தவங்களாக்கும். 2017ல லார்ட்ஸ்ல வெறும் 9 ரன். இன்னொண்ணும் கேளுங்க. 83 உலகக் கோப்பையில 17 ரன்னுக்கு 5 விக்கெட் போன பெறவு கபில்தேவ் 175 அடிச்சாரே, அத டிவியில ஒருத்தரும் பாக்கல்ல. ஆனா வியாழக்கிழமை செமியில ஆஸ்திரேலியாவோட 339 விரட்டும்போ ஜெமிமா 127 அடிச்சு கடைசி வரை நின்னத நாம கண்ணால பாத்தோம். அது எவ்வளவு பெரிய குடுப்பினை

அத்தான்: பெரிய மாமா டைப் பண்ணி முடிக்கதுக்குள்ள 5 மணி ஆயிரும்

பெரியம்மை: ஜெயிச்சதும் அந்தப் பிள்ளை சொன்னது கேட்டீளா? சும்மா நில்லு, ஆண்டவர் உனக்காவ போரிடுவார்னு. விடுதலைப் பயணம் 14:14. எனக்கு கண்ணு நெறஞ்சு போச்சு

குவைத் சித்தப்பா: கல்லறைக்கு வெள்ளை அடிச்சாச்சா? நான் அனுப்பின பைசா என்னாச்சு?

அப்பா: பெறவு பேசுவோம்

குவைத் சித்தப்பா: எப்பமும் பெறவுதான்

நான்: 5 மணிக்கு தொடங்குதாம்!!

பெரியப்பா: ஓவர் குறையல்லியே?

நான்: இல்ல, 50ம் உண்டு

அத்தான்: மந்திரிப்பும் 5 மணி 😭

குளச்சல் அத்தை: பாட்டாவுக்கு திரி கொளுத்தாம எனக்கு மேட்ச் வேண்டாம். எல்பிடபிள்யூன்னா என்னன்னு சொல்லித் தந்தது அவராக்கும்

பெரியம்மை: அங்க வச்சு ஆரும் போன் எடுக்கப்பிடாது

நான்: ஸ்மிருதி 45ல அவுட். ஷஃபாலி பொளக்கா. மந்திரிப்பு முடிஞ்சா?

அத்தான்: முடிஞ்சு. ஓடுதோம்

பெரியப்பா: ஷஃபாலி முதல்ல டீம்லயே கிடையாது. பிரதிகா ராவலுக்கு அடிபட்டதுனால செமிக்கு கூப்பிட்டது

குளச்சல் அத்தை: நாங்க ஆட்டோவுல வாறோம். சாயா ஆரு போடுவா?

அப்பா: நீ வந்து போடு

குளச்சல் அத்தை: 2011ல தோனி சிக்ஸ் அடிக்கும்போ நான் அடுக்களையில பாத்திரம் தேச்சிட்டு நின்னேன். நீங்க கூவுன சத்தம் கேட்டு ஓடி வந்தா எல்லாம் முடிஞ்சாச்சு. சோப்பு நுரையோட நின்னு ரீப்ளே பாத்தேன். இன்னைக்கு ஒரு பந்து விடமாட்டேன்

பெரியம்மை: நானும்

அத்தான்: மாமாமாரு ரெண்டுபேரும் அடுக்களைக்கு போயாச்சு

பெரியப்பா: தேயிலை டப்பா எங்க?

பெரியம்மை: கடுகு டப்பாவுக்குப் பெறத்த

குவைத் சித்தப்பா: நம்ம 298 ரன் போதுமாடே?

பெரியப்பா: தென்னாப்பிரிக்கா கேப்டன் வால்வார்ட் நிக்கா. அவ போணும்

குவைத் சித்தப்பா: எனக்கு போன்ல ஒரு பந்து பிந்திதான் வருது. ஆரும் முந்திச் சொல்லப்பிடாது

அத்தான்: ஆஆஆஆஆ

குவைத் சித்தப்பா: எடே!!

நான்: எனக்கும் இப்பதான் வருது சித்தப்பா. வால்வார்ட் தூக்கி அடிச்சிருக்கா. அமன்ஜோத் கீழ நிக்கா

நான்: ஐயோ விட்டுட்டா

நான்: மறுபடியும் தட்டிட்டு

குவைத் சித்தப்பா: பிடிச்சாளா இல்லியா

நான்: மூணாவது வாட்டி பிடிச்சிட்டா!!!

பெரியப்பா: 101 அடிச்சவ போயாச்சு. இனி கோப்பை நமக்காக்கும்

அத்தான்: ஹர்மன்பிரீத் பின்னால ஓடிப் பிடிச்சாச்சு. 52 ரன்ல ஜெயிச்சாச்சு!!! தீப்திக்கு 5 விக்கெட்

குவைத் சித்தப்பா: 🇮🇳🇮🇳 சொல்லிட்டியேடே

பெரியம்மை: இங்க உங்க அண்ணன் நின்னு கரையுதாவ

குளச்சல் அத்தை: பழைய கேப்டன் மிதாலி கையில கோப்பைய குடுக்காவ, பாருங்க. ஜூலனும் நிக்கா. இவங்க ஆடும்போ பாக்க ஆளு இல்லாத காலம் உண்டு

பெரியப்பா: அதாக்கும் மரியாதை

அத்தான்: அடுத்த ஜூன்ல இங்கிலாந்துல டி20 உலகக் கோப்பை. சின்ன மாமா வாறீளா?

குவைத் சித்தப்பா: லீவு கேட்டுப் பாக்கேன்

குளச்சல் அத்தை: கேட்டுப் பாக்காத, எடு

அப்பா: நாளைக்கு ஆருக்கெல்லாம் வேலைக்கு போணும்? படுங்க

பெரியம்மை: ஹைலைட்ஸ் முடியட்டும்