ரேடியோவுல இருந்து எடுத்த ஈ.எல்.84, சில்வர் ஓக் பெட்டி: மலைமேல தாங்குமா?

காபிக்காட்டான் (பெருமாள்மலை)

எல்லாருக்கும் வணக்கம். தாத்தா காலத்து வால்வு ரேடியோ ஒண்ணு பரண்ல கெடந்துச்சு, கேபினட்ட கரையான் அரிச்சுடுச்சு ஆனா சேஸிஸ் நல்லா இருக்கு, ஸ்பீக்கர ஓட்டுற வால்வு ஈ.எல்.84 ஒண்ணு, ஏ.சிய டி.சியா மாத்துற ரெக்டிஃபையர் வால்வு ஈ.இசட்.80 ஒண்ணு, ரெண்டு கண்ணாடி மேலயும் பி.இ.எல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) முத்திரை இன்னும் அழியல. இன்னொரு ஈ.எல்.84ம், முன்னாடி சிக்னல பெருசாக்க ஒரு ஈ.சி.சி.83ம் வாங்கி சின்னதா ஸ்டீரியோ ஆம்ப் கட்டணும்னு ஆசை. ராத்திரியில கொடை எப்.எம் கேக்கணும், அவர் வச்சிருந்த ரெக்கார்டுகளையும் கேக்கணும், அவ்ளோதான். மிளகுக்கொடி ஏத்தின சில்வர் ஓக் ஒண்ணு காத்துல சாஞ்சுச்சு, அத அறுத்து பலகையா வச்சிருக்கேன், பெட்டி அதுலதான். ரேடியோவோட பவர் டிரான்ஸ்பார்மர் ரெண்டு சேனலுக்கு போதுமா? முழுக்க மரமா போட்டா சூட்டுக்கு பயமில்லையா? ஐப்பசி கார்த்திகைல இங்க மேகம் வீட்டுக்குள்ளயே வந்துடும், தொவச்ச துணி காயாது, அந்த ஈரத்துல 250 வோல்ட் ஓட்டலாமா?

சால்டரிங் திண்டுக்கல்

தம்பி, டிரான்ஸ்பார்மர் பத்தாது. கணக்கு போட்டு பாருங்க, ஈ.எல்.84 ஒண்ணு 250 வோல்ட்ல பிளேட் 48 மில்லி ஆம்ப், ஸ்கிரீன் அஞ்சரை இழுக்கும், ரெண்டு சேனலுக்கு 107, ஈ.சி.சி.83ஐயும் சேத்தா 110 கிட்ட வந்துடும், ஈ.இசட்.80 தாங்குறதே 90தான். ரேடியோல ஒரே ஒரு ஈ.எல்.84க்குன்னு கட்டின டிரான்ஸ்பார்மர் அது, ரெண்டு போட்டா சூடாகி வார்னிஷ் வாசம் வரும். புதுசா 250-0-250, 150 மில்லி ஆம்ப், ஹீட்டருக்கு 6.3 வோல்ட் 4 ஆம்ப்னு கட்டச் சொல்லுங்க, ரெக்டிஃபையர் ஈ.இசட்.81 போடுங்க, அது 150 வரைக்கும் தரும். அதுக்கு அடுத்த முதல் கண்டென்சர் 50 மைக்ரோபாரடுக்கு மேல போகக்கூடாது, ஹம் (ஊங்குற இரைச்சல்) போகணும்னு பெருசா போட்டா ரெக்டிஃபையர்தான் சாகும், நடுவுல ஒரு சோக் (கம்பிச்சுருள்) போட்டு அதுக்கப்புறம் 100 போட்டுக்கங்க. ஈ.எல்.84 கேத்தோடுல, வால்வு இழுக்குற கரண்ட முடிவு பண்ற ரெசிஸ்டர் 130 ஓம்னு சர்க்யூட்ல இருக்கும், நான் 150 போட்டு கரண்ட கொஞ்சம் குறைப்பேன், ஏன்னா 130ல வால்வு அதோட 12 வாட் எல்லையிலயே நிக்கும், ராத்திரி மலைமேல லைன் வோல்டேஜ் ஏறுச்சுன்னா எல்லை தாண்டிடும். சேனலுக்கு நாலு வாட் சுத்தமா வரும், நல்ல சென்சிட்டிவ் ஸ்பீக்கர் இருந்தா ஹாலுக்கு தாராளம்.

எல்லாத்துக்கும் முன்னாடி எர்த் பாருங்க. மலையில பழைய வீடுகள்ல பிளக்குல மூணாவது ஓட்டை இருக்கும், பின்னாடி ஒயரே இருக்காது. எர்த் இல்லாம இந்த வேலைய தொடவே தொடாதீங்க.

கோத்தகிரி ஆசாரி

மரத்த பத்தி நான் சொல்றேன். முழு மரப்பெட்டி வேணாம். சுத்தி நாலு பக்கம் மரச்சட்டம், மேல 2 மில்லிமீட்டர் அலுமினிய தகடு, வால்வு டிரான்ஸ்பார்மர் எல்லாம் தகடு மேல, எர்த் அந்த தகட்டுக்கு. ஈ.எல்.84 கண்ணாடி கை வைக்க முடியாத சூடு, மரம் அதுக்கிட்ட இருந்து ரெண்டு இஞ்சாவது தள்ளி இருக்கட்டும், அடியில காத்து ஏற ஓட்டை போடுங்க.

சில்வர் ஓக் இழைச்சா பூவேலை நல்லா தெரியும், ஆனா பச்சையா இருந்தா கோணிக்கிட்டு போயிடும். ஒரு இஞ்சு கனத்துக்கு ஒரு வருஷம் காயணும்னு சொல்வாங்க, மலை ஈரத்துல இன்னும் இழுக்கும். நாங்க மேட்டுப்பாளையத்துல இறக்கி காய வைப்போம், உங்களுக்கு வத்தலக்குண்டு பக்கம் யாராச்சும் இருந்தா அங்க நிழல்ல அடுக்குங்க, பலகைக்கு பலகை நடுவுல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) கொடுத்து, ரெண்டு தலைப்பக்கமும் பெயிண்ட் அடிச்சு, இல்லன்னா ஓரத்துல வெடிக்கும். காஞ்சதும் உடனே அறுத்து பொருத்தாதீங்க, மேல கொண்டுவந்து ஆம்ப் வைக்கப்போற ரூம்லயே சில வாரம் போட்டு வைங்க, கீழ காஞ்ச மரம் இங்க வந்து கொஞ்சம் ஊறும். தகட்ட மரத்துல இறுக்கி முடுக்காதீங்க, திருகு ஓட்டைய நீளவாட்டுல போட்டா மரம் விரிஞ்சு சுருங்க இடம் கிடைக்கும். உள்பக்கமும் பாலிஷ் அடிக்கணும், வெளிய மட்டும் அடிச்சா ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடிச்சு பலகை வளையும்.

மதுரை காயில்

நான் காயில் கட்டுறவன், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல வர்ற அவுட்புட் டிரான்ஸ்பார்மர் பத்தி ஒரு வார்த்தை. காசு அங்கதான் போகணும். வால்வு பக்கம் 5.2 கிலோ ஓம், ஸ்பீக்கர் பக்கம் 8 ஓம், அதாவது சுத்து விகிதம் இருபத்தஞ்சரைக்கு ஒண்ணு. கட்டுறவர்கிட்ட "சிங்கிள் எண்டட் (சேனலுக்கு ஒரே வால்வு), டி.சி ஓடும், கோர்ல கேப் (இடைவெளி) வேணும்"னு தெளிவா சொல்லுங்க. சாதாரண டிரான்ஸ்பார்மர்ல ஈ தகடும் ஐ தகடும் மாத்தி மாத்தி அடுக்குவோம், இதுல ஈ எல்லாம் ஒரு பக்கம் ஐ எல்லாம் ஒரு பக்கம், நடுவுல காகிதம் வச்சு இறுக்கணும். பழக்கத்துல மாத்தி அடுக்கிட்டா 48 மில்லி ஆம்ப்லயே கோர் காந்தத்தால நெறஞ்சுடும், பேஸ் காணாம போயிடும்.

அத தகட்டுல எங்க வைக்கிறதுன்னு ஓட்டை போடுறதுக்கு முன்னாடியே பாருங்க. எச்.டி (வால்வுக்கு போற 250 வோல்ட் ஹை டென்ஷன் லைன்) எதுவும் இணைக்காம பவர் டிரான்ஸ்பார்மருக்கு மட்டும் கரண்ட் கொடுங்க, அவுட்புட்டோட 8 ஓம் பக்கம் ஒரு ஹெட்போன மாட்டிக்கிட்டு மெல்ல திருப்புங்க, ஒரு இடத்துல ஊங்குற சத்தம் சட்டுன்னு அடங்கும், அங்க பென்சில்ல கோடு போட்டுக்கங்க.

காபிக்காட்டான் (பெருமாள்மலை)

ரொம்ப நன்றிண்ணே எல்லாருக்கும். வத்தலக்குண்டுல சித்தப்பா வீடு இருக்கு, பலகைய அங்க இறக்கிடுறேன். ஈரத்த பத்திதான் இன்னும் யோசனை. ரேடியோல இருக்கிற பழைய கண்டென்சர்கள எடுத்து போடலாமா?

சால்டரிங் திண்டுக்கல்

வேணாம் தம்பி, ஒண்ணு கூட வேணாம். பழைய பேப்பர் கண்டென்சர் ஈரம் குடிச்சு லீக் ஆகும், ஈ.சி.சி.83ல இருந்து ஈ.எல்.84க்கு சிக்னல் கடத்துற கண்டென்சர் லீக் ஆனா, ஈ.எல்.84 கிரிடுக்கு (சிக்னல் நுழையுற முனை) பாசிட்டிவ் ஏறி பிளேட் செவப்பா எரியும், தாத்தா வால்வு அதோட போச்சு. அந்த இடத்துக்கு 0.1 மைக்ரோபாரட், 630 வோல்ட் பாலிஸ்டர் புதுசா வாங்கி போடுங்க. போட்ட பிறகு ஈ.எல்.84ஐ கழட்டிட்டு ஆன் பண்ணி சாக்கெட்டோட 2வது பின்னுல, அதாவது கிரிடுல, மீட்டர் வைங்க, சேஸிஸ்க்கும் அதுக்கும் நடுவுல டி.சி சுழியா இருக்கணும். வால்வு இல்லாதப்ப எச்.டி வழக்கத்த விட மேல ஏறும், அதனால ரெக்டிஃபையருக்கு அடுத்து வர்ற மெயின் கண்டென்சர் 450 வோல்ட் ரகமா இருக்கட்டும். மேகம் எறங்குற மாசத்துல இந்த டெஸ்ட இன்னொரு தடவை பண்ணுங்க, சாக்கெட்டுல தூசியும் ஈரமும் சேந்தாலும் அதே லீக்தான்.

முதல் தடவை கரண்ட் கொடுக்கறப்ப 100 வாட் குண்டு பல்ப சீரிஸ்ல போட்டு கொடுங்க, பளிச்சுன்னு எரிஞ்சுக்கிட்டே நின்னா உள்ள ஷார்ட், ஆஃப் பண்ணிடுங்க. மெயின் கண்டென்சருக்கு குறுக்க 220 கிலோ ஓம் 2 வாட் ரெசிஸ்டர் நிரந்தரமா இருக்கட்டும், ஆஃப் பண்ணதும் உள்ள தங்குற சார்ஜ் அது வழியா வடியும், ஆனாலும் ஆஃப் பண்ணி ரெண்டு நிமிஷம் கழிச்சு மீட்டர்ல பாத்துட்டுத்தான் உள்ள கை வைக்கணும், அப்பவும் ஒரு கைதான், இன்னொரு கை பாக்கெட்டுல.