டிஜே வராத இரவு: நஷ்டம் யார் தலையில்?

மேடைக்காரன்:
புக் ஆன டிஜே நிகழ்ச்சிக்கு வரவில்லை என்றால் முன்பணத்தை ஒரு வாரத்துக்குள் முழுசாகத் திருப்பித் தர வேண்டும். அதோடு ஏற்பாட்டாளர் செலவழித்ததில் ஒரு பங்கையும் ஏற்க வேண்டும். விமானம் போய்விட்டது, காய்ச்சல் வந்துவிட்டது, எந்தக் காரணமாக இருந்தாலும் சரி. என் நிலைப்பாடு இதுதான். மாற்றுக் கருத்து இருப்பவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள்.

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம், சமீபத்தில் எங்கள் கிளப் இரவில் பட்ட பாடு. கையெழுத்துப் போட்ட அன்றே பாதித் தொகை கட்டியாச்சு, மீதி நிகழ்ச்சிக்கு முந்தைய வாரம். ஹால் வாடகை, சவுண்ட், லைட், ஹோட்டல், விமான டிக்கெட் எல்லாம் எங்கள் கைக்காசு. டிஜே மேடையேற வேண்டியது இரவு ஒன்றரைக்கு. பதினொன்றரைக்கு, அவருக்கு நிகழ்ச்சி பிடித்துத் தரும் ஏஜென்ட்டிடமிருந்து இரண்டு வரியில் வாட்ஸ்அப்: இணைப்பு விமானத்தைப் பிடிக்க முடியவில்லை, மன்னிக்கவும். ஹால் முக்கால்வாசி நிறைந்திருந்தது. பின்னால் திரையில் அவர் பெயர் ஓடிக்கொண்டே இருக்கிறது. முதலில் அதை நிறுத்துவதா, மைக்கில் சொல்வதா, வாசலில் டிக்கெட் விற்பதை நிறுத்துவதா என்று கூடத் தெரியாமல் நின்றோம். பணம் கேட்டவர்களுக்குத் திருப்பிக் கொடுத்து முடிக்கும்போது விடிந்துவிட்டது.

மறுவாரம் ஏஜென்சியின் பதில் வந்தது: இது கைமீறிய சூழல், முன்பணத்தை வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம். எந்தத் தேதி என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை.

அதிர்வெண்:
அண்ணே, உங்கள் நஷ்டத்தை யாரும் மறுக்க முடியாது. நான் ஊர் ஊராகப் போய் வாசிக்கிற டிஜே, அந்தப் பக்கத்தையும் கேளுங்கள். அந்த விமான டிக்கெட்டை எடுத்தது யார்? நீங்கள்தான். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது, சம்பளம் தனி, பயணமும் தங்குமிடமும் ஏற்பாட்டாளர் பொறுப்பு. செலவைக் குறைக்க இரண்டு வெவ்வேறு கம்பெனிகளில் தனித்தனி டிக்கெட் போடுவார்கள். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு என்னைப் பற்றிக் கவலையே இல்லை. அவர்கள் கணக்கில் நான் வராத பயணி, அவ்வளவுதான். ஒரே புக்கிங்காக இருந்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் வேலை. இந்த வித்தியாசம் தெரிந்தும் மலிவானதை எடுத்துவிட்டு, தவறிய பிறகு பழியை என் மேல் போட்டால் எப்படி?

மேடைக்காரன்:
தம்பி, நேரடியாகவே சொல்கிறேன். எங்கள் டிக்கெட் ஒரே புக்கிங். எந்த விமானம் என்று சொன்னதே ஏஜென்ட்தான். முந்தின இரவு டிஜே வேறொரு நாட்டில் விடியற்காலை ஐந்து மணி வரை வாசித்துவிட்டு வருகிறார். அதனால் மதியம் கிளம்பும் விமானம்தான் ஒத்துவரும் என்றார்கள். இடையில் இறங்கி ஏற ஐம்பது நிமிடம். அதற்கு அடுத்த விமானம் மறுநாள் காலையில். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று அடுக்கியது நானா? ஒரு நாள் இடைவெளி விட்டிருந்தால் அவருக்கு ஒரு சம்பளம் குறைந்திருக்கும். அந்தச் சம்பளத்தை அவர் விடவில்லை. ஆபத்து மட்டும் என் பக்கம் வந்துவிட்டது.

நிலவொலி:
இருவரும் சொல்வதில் விஷயம் இருக்கிறது என்றாலும், இந்த இடத்தில் நான் மேடைக்காரன் பக்கம். சில வருடம் ஒரு புக்கிங் ஏஜென்சியில் பயண அட்டவணை போடும் வேலை பார்த்தேன், அதை வைத்துச் சொல்கிறேன். ஏஜென்ட்டுக்கு வருமானம் சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்ற கமிஷன், பொதுவாகப் பத்து முதல் பதினைந்து. வார இறுதியில் ஒரு நிகழ்ச்சி கூடினால் கமிஷனும் கூடும். அந்த ஒன்று தவறினால் வாசலில் நின்று பதில் சொல்லப்போவது ஏஜென்ட் இல்லை. ஆக, அட்டவணையை இறுக்குகிறவருக்கு இறுக்கியதன் வலி தெரியாது. கோடையில் இரண்டு ஃபெஸ்டிவலை ஒரே நாளில் போடுவது சகஜம். மாலை ஆறு மணிக்கு ஒரு மேடை, நள்ளிரவில் இன்னொன்று, நடுவில் ஒரு விமானம்.

வானமே மூடிக்கொண்டால் அது வேறு கதை. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்தில் எரிமலை வெடித்து, ஐரோப்பாவின் பெரும்பகுதியில் நாள்கணக்கில் விமானங்கள் பறக்கவில்லை. ரத்தானவை ஒரு லட்சம் அளவுக்கு வரும். 2024 ஜூலை 19 வெள்ளிக்கிழமை கிரவுட்ஸ்ட்ரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் மென்பொருள் கோளாறில் உலகம் முழுக்க விமான நிலையக் கணினிகள் முடங்கின, அதுவும் கோடை சீசனின் நடுவில் ஒரு வார இறுதி. அன்று வராதவரிடம் போய்க் கணக்குக் கேட்பது அநியாயம். ஆனால் ஐம்பது நிமிட இணைப்பு தவறுவது கைமீறிய சூழல் இல்லை. அது முன்கூட்டியே கண்ணுக்குத் தெரிந்த விஷயம்.

வாசல்_வரிசை:
டிக்கெட் வாங்கி வருகிறவர்களைப் பற்றி யாராவது பேசுவீர்களா? டிக்கெட்டின் அடியில் பொடி எழுத்தில் "கலைஞர்கள் பட்டியல் மாறலாம்" என்று போட்டுவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? ஐம்பது பேர் வாசிக்கும் ஃபெஸ்டிவலில் ஒருவர் வராவிட்டால் பரவாயில்லை. ஒரே ஒருவர் பெயரை வைத்து விற்ற இரவில் அவர் வரவில்லை என்றால், கேட்காமலே பணம் திரும்ப வர வேண்டும். மேடைக்காரன் கொடுத்திருக்கிறார், அதற்கு நன்றி. நிறையப் பேர் கொடுப்பதில்லை.

அதிர்வெண்:
நிலவொலி அக்கா, இறுக்கமான அட்டவணை பற்றி நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் "எந்தக் காரணமாக இருந்தாலும் சரி" என்று ஆரம்பத்தில் எழுதியிருக்கிறாரே, அதில் காய்ச்சலும் இருக்கிறது. என் எதிர்ப்பு அங்கேதான்.

எனக்கு நடுக்காதில் தொற்று வந்தது. இடது காது அடைத்துக்கொண்டு, எச்சில் விழுங்கினால் சுருக்கென்று குத்தும். விமானம் இறங்கும்போது அழுத்தம் மாறினால் செவிப்பறை கிழியலாம், பறக்காதே என்று மருத்துவர் எழுதியே கொடுத்தார். காதுதான் என் பிழைப்பு. நிகழ்ச்சிக்கு முந்தின நாளே ஏஜென்ட் தகவல் சொல்லிவிட்டார். அந்த ஏற்பாட்டாளர் என்ன செய்தார் தெரியுமா? "உடம்பு சரியில்லையாம், நம்புகிறவர்கள் நம்பலாம்" என்று நிகழ்ச்சிப் பக்கத்தில் எழுதினார். அப்புறம் நான் அன்று வீட்டில் காபி குடித்த படத்தை எடுத்துப் போட்டு, "இதுதான் நோயாளியா" என்று ஆட்கள் வரிசையாகத் திட்டினார்கள். என் மனைவியின் கணக்கு வரைக்கும் போய் எழுதினார்கள். காதுவலி கொஞ்ச நாளில் போய்விட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு விமான நிலையத்திலும் பலகையில் "தாமதம்" என்று வந்தாலே நெஞ்சு படபடக்கிறது.

எங்களுக்கு மருத்துவ விடுப்பு கிடையாது. வாசித்தால் காசு, இல்லாவிட்டால் இல்லை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுப்பது நியாயம், கொடுத்தேன். அதற்கு மேல் ஹால் வாடகையிலும் பங்கு கொடு என்றால், காய்ச்சலோடும் காதுவலியோடும் ஏறித்தான் ஆக வேண்டும் என்று நீங்கள் மறைமுகமாகச் சொல்கிறீர்கள்.

நிலவொலி:
அதிர்வெண் சொன்னது வேதனையான விஷயம், ஆனால் புதிதில்லை. ஸ்வீடன் டிஜே அவிச்சியை நினைத்துப் பாருங்கள். 2014 மார்ச்சில் மருத்துவமனையில் சேர்ந்தார், பித்தப்பையையும் குடல்வாலையும் எடுத்தார்கள். மயாமியில் அல்ட்ரா இசை விழாவில் அவர் வாசிக்க முடியாமல் போக, அந்த இடத்தில் டெட்மவுஸ் என்ற இன்னொரு பிரபல டிஜே வாசித்தார். விழா நடந்தது, யாரும் குடிமுழுகிப் போகவில்லை. 2016இல் சுற்றுப்பயணமே வேண்டாம் என்று அவர் நிறுத்திக்கொண்டார். 2018 ஏப்ரலில் மஸ்கட்டில் இறந்தபோது வயது 28. அதே ஆண்டு செப்டம்பரில் ஹார்ட்வெல் என்ற டிஜே சுற்றுப்பயணத்தை நிறுத்துவதாக அறிவித்தார், மேடைக்குத் திரும்பியது 2022இல்தான். வர முடியாது என்று சொல்வதற்கே ஒருவர் பயப்படும் தொழிலாக இது இருக்கக் கூடாது.

மேடைக்காரன்:
அவிச்சி விஷயத்தில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் அந்த உதாரணத்தைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். அல்ட்ரா மாதிரி ஒரு விழாவுக்குக் கூப்பிட்ட உடனே டெட்மவுஸ் கிடைப்பார். எனக்கு இரவு பதினொன்றரைக்கு யார் கிடைப்பார்? பெரிய விழாக்கள் கலைஞர் வராமல் போவதற்கென்றே காப்பீடு எடுக்கின்றன. எங்களைப் போன்ற சிறிய இடங்கள் எடுப்பதில்லை, பிரீமியம் கட்டினால் லாபத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. ஒரு டிஜேக்கு ஒரு இரவு போனால் அடுத்த வாரம் இன்னொரு இரவு இருக்கிறது. எங்களுக்கு ஒரு இரவு போனால் அடுத்த மூன்று நிகழ்ச்சிக்கான முதல் போய்விடுகிறது. கூட்டாளியும் நானும் இப்போது சரியாகப் பேசிக்கொள்வதில்லை. சேமிப்பை இதில் போட்டதே அவர்தான்.

காது விஷயத்தில் அதிர்வெண்ணுக்கு நடந்தது தவறு. நோயைப் பொதுவில் எழுதக் கூடாது, படத்தைப் போட்டுக் கூட்டத்தை ஏவிவிடவும் கூடாது. மருத்துவர் சான்று ஏஜென்சிக்கு வந்து, அவர்கள் உறுதிசெய்தால் எனக்குப் போதும். அந்த அளவுக்கு என் பேச்சை மாற்றிக்கொள்கிறேன்: உடம்புக்கு முடியாவிட்டால் முன்பணம் மட்டும் திரும்ப வந்தால் போதும். பயணத் தவறுக்கு அது பொருந்தாது.

தட்டுமுனை:
நான் கிளப்பின் ரெசிடென்ட் டிஜே. வாரம் தவறாமல் ஆரம்ப நேரத்தில் வாசிக்கிறவன். வராதவரின் நேரம் எங்கள் தலையில்தான் வந்து விழும், ஆனால் இந்த விவாதத்தில் எங்களைப் பற்றி ஒரு வரி கூட இல்லை.

ஆரம்பத்தில் வாசிப்பவரின் வேலையே கூட்டத்தைச் சூடேற்றாமல் பிடித்து வைப்பது. 118, 120 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை தாளம் என்ற வேகம்) மெதுவாகப் போவோம், முக்கிய ஆளின் பாட்டுகளைத் தொட மாட்டோம். யூஎஸ்பியில் அன்றைக்கென்று தேர்ந்தெடுத்து வைத்திருப்பதும் அந்த மாதிரிப் பாட்டுகள்தான். ஒன்று இருபதுக்கு மேனேஜர் மேடைக்குப் பின்னால் வந்து, "இன்னும் இரண்டு மணி நேரம் நீயே ஓட்டு" என்று காதில் கத்துவார். 138 வேகத்தில் டிரான்ஸ் என்ற வகை நடன இசை கேட்க வந்த கூட்டம் அது. முன்வரிசையில் நிற்பவர்கள் அவர் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள், நான் ரெக்கார்ட்பாக்ஸ் என்ற டிஜே மென்பொருளின் பாட்டுப் பட்டியலைக் கீழே உருட்டி உருட்டிப் பழைய ஃபோல்டர்களில் ஏதாவது கிடைக்குமா என்று தேடுகிறேன். ஒரு பாட்டு முடிய இன்னும் முப்பத்திரண்டு பார்தான் (ஒரு பார் என்றால் நான்கு தாளம்) இருக்கிறது, அடுத்தது இன்னும் பாட்டை ஓட்டும் டெக்கில் ஏறவில்லை. அன்றைக்கு என்மேல் ஐஸ் கட்டி எறிந்தார்கள். வழக்கமான சம்பளத்துக்கு மேல் ஒரு காசு வரவில்லை.

வராதவருக்குப் போக வேண்டிய மீதித் தொகை மிச்சம்தானே? அதில் ஒரு பங்கு அவர் நேரத்தை ஏற்று வாசித்தவருக்கு வர வேண்டும்.

அதிர்வெண்:
தட்டுமுனை சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். அதில் எனக்கு வாதமே இல்லை.

நிலவொலி:
எல்லோரும் மறக்கும் இன்னொரு பணம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விமானப் பயணிகள் விதிப்படி, போய்ச் சேர மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால் தூரத்தைப் பொறுத்து 250, 400 அல்லது 600 யூரோ இழப்பீடு உண்டு. மோசமான வானிலை போன்ற அசாதாரணக் காரணம் என்றால் கிடையாது. டிக்கெட் வாங்கியது ஏற்பாட்டாளராக இருந்தாலும் அந்தத் தொகை பயணிக்குத்தான் சேரும். அதாவது மேடைக்காரன் நஷ்டப்பட, வராத டிஜே கையில் 600 யூரோ வரலாம். இதை ஒப்பந்தத்தில் யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும்: பயணத் தாமதத்துக்கு வரும் இழப்பீடு டிக்கெட் வாங்கியவருக்கு.

இதை வைத்து ஏற்பாட்டாளரின் முழு நஷ்டத்தையும் ஈடுகட்டலாம் என்று நினைக்க வேண்டாம். சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999 மாண்ட்ரியல் உடன்படிக்கையில் தாமதத்துக்கு விமான நிறுவனம் கொடுக்க வேண்டிய உச்சவரம்பே ஒரு பயணிக்கு 6,303 எஸ்டிஆர்தான் (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதுவும் தாமதத்தைத் தவிர்க்க முடிந்ததை எல்லாம் செய்தோம் என்று அவர்கள் நிரூபித்துவிட்டால் ஒன்றும் கிடையாது.

வாசல்_வரிசை:
அதிக சம்பளத்துக்கு வேறு இடத்தில் வாசித்துவிட்டு "உடம்பு சரியில்லை" என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்களே?

நிலவொலி:
இருக்கிறார்கள். அவர்கள் முன்பணத்தையும் திருப்பித் தர வேண்டும், செலவுப் பங்கையும் ஏற்க வேண்டும். ஏற்பாட்டாளர்கள் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்வார்கள், அந்தப் பெயர் பரவ இரண்டு மாதம் போதும்.

அதிர்வெண்:
சரி, பயணத் தவறுக்கு என்ன எழுதலாம் என்று சொல்லுங்கள். நான் ஒத்துக்கொள்ளக்கூடியது இது: ஒரே புக்கிங் டிக்கெட். நான் புறப்படும் விமானத்துக்கு அப்புறம் அதே நாளில் இன்னொரு விமானமாவது இருக்க வேண்டும், அப்படி இல்லையென்றால் முந்தின நாளே வந்துவிடுகிறேன், அந்த இரவு ஹோட்டலை ஏற்பாட்டாளர் தரட்டும். முந்தின நாள் எனக்கு வேறு நிகழ்ச்சி இருந்து வர முடியாவிட்டால் ஆபத்து என்னுடையது. விமானம் தாமதம் என்று தெரிந்த நிமிடமே நானே ஏற்பாட்டாளருக்கு போன் செய்வேன், ஏஜென்ட் வழியாகக் காத்திருக்க மாட்டேன். மதியம் மூன்று மணிக்கே தெரிந்திருந்தால் மேடைக்காரன் வேறு ஆள் தேடியிருக்கலாம்.

மேடைக்காரன்:
கடைசியில் சொன்னதுதான் முக்கியம் தம்பி. அன்று அவர் இணைப்பைத் தவறவிட்டது மாலை நான்கு மணிக்கு. எனக்குச் சொன்னது பதினொன்றரைக்கு. அந்த ஏழரை மணி நேரத்துக்குத்தான் நான் செலவுப் பங்கு கேட்கிறேன்.

ஹோட்டல் ஒரு இரவு கூடுதலாகத் தர எனக்குச் சம்மதம். தட்டுமுனை கேட்டதும் சரி, மீதித் தொகையில் கால் பங்கு ரெசிடென்ட்டுக்கு என்று எழுதிவிடலாம். "வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம்" என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். பணம் என் கணக்குக்குத் திரும்ப வரட்டும், தேதியை அப்புறம் பேசலாம்.

அதிர்வெண்:
தேதி மாற்றம் இருவரும் ஒத்துக்கொண்டால் மட்டும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு வாரம் என்பதை முப்பது நாளாக்குங்கள். ஏஜென்சி கணக்கிலிருந்து பணம் வெளியே வர அவ்வளவு ஆகும்.

மேடைக்காரன்:
பதினான்கு நாள். அதற்கு மேல் முடியாது.