அம்மாவின் கைப்பேசிக்கு வந்த போலி இணைப்பு: உதவி தேவை

சுங்கை சிப்புட் அண்ணன்மார்களே, அக்காமார்களே, வணக்கம்.

முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அம்மாவுக்கு நேற்று வாட்ஸ்அப்பில் 'அரசாங்க உதவித்தொகை' என்று ஓர் இணைப்பு வந்தது. உண்மையான மலேசிய அரசுத் தளத்தின் பெயர் 'டாட் கவ் டாட் எம்ஒய்' என்று முடியும். இதிலோ அந்த எழுத்துகளை நடுவில் ஒட்டி, கடைசியில் 'டாட் காம்' என்று போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? வங்கிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார். உடனே வங்கியையும் மோசடிப் புகாருக்கான 997 எண்ணையும் அழைத்துக் கணக்கை முடக்கினோம், பணம் தப்பியது.

ஆனால் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு கைப்பேசியில் செயலியை நிறுவும் கோப்பு) ஒன்றும் கைப்பேசியில் ஏறியிருக்கிறது. இத்தகைய கோப்பு பணப் பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் டேக் (TAC) எண்ணையும் திருடக்கூடியது. அதை நீக்கினால் போதுமா, கைப்பேசியில் உள்ள எல்லாவற்றையும் அழிக்க வேண்டுமா? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

இன்னொன்று. தோட்டத்துப் பெரியவர்களுக்கு ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் இதைத் தமிழில் விளக்க யாராவது வர முடியுமா? பலருக்கும் இதே இணைப்பு வந்திருக்கிறது.