அம்பாசிடர் முன் சீட்: ஸ்பிரிங்குக்கும் ஃபோமுக்கும் நடுவில் என்ன போடுவது?

வண்டி 1984 அம்பாசிடர் மார்க் 4, கியர் ஸ்டியரிங்கை ஒட்டியே இருக்கும், முன்னால் ஒரே நீள சீட். ஊர் மதுரை. பொங்கல் சமயத்தில் சீட்டை வீட்டிலேயே பிரித்து நானே குஷன் போட்டேன். சித்திரைத் திருவிழாவுக்குள் டிரைவர் பக்கம் அமுங்கிவிட்டது, உட்கார்ந்தால் ஸ்பிரிங் சுருள் ஒவ்வொன்றும் தொடையில் தெரிகிறது, ரெக்ஸின் ஓரத்தில் சுருக்கம் விழுகிறது.

உள்ளே பழைய தேங்காய் நார் மெத்தை தூளாகிக் கிடந்தது. அதை எடுத்துவிட்டு, ஸ்பிரிங்கைத் துரு தேய்த்து ரெட் ஆக்சைடு அடித்து, மேலே புதுச் சாக்கு, அதன் மேல் 32 டென்சிட்டி (அடர்த்தி, கன மீட்டருக்கு 32 கிலோ) ஃபோம் 4 அங்குலம்.

அமுங்கிய பிறகு சாக்கை இரட்டையாகப் போட்டுப் பார்த்தேன், பலனில்லை. மேலே 40 டென்சிட்டி ஒரு அங்குலம் ஒட்டினேன், உயரம்தான் கூடியது, தையல் இழுக்கிறது. ஸ்பிரிங் எதுவும் உடையவில்லை, நேர்க்கட்டை வைத்துப் பார்த்ததில் இரண்டு பக்கமும் ஒரே மட்டம். ஃபோமைத் திருப்பினால் அடியில் வட்ட வட்டமாகத் தழும்பு, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிர்கிறது. ஆக, சாக்கைத் தாண்டி ஸ்பிரிங்தான் ஃபோமைத் தின்கிறது.

குஷன் கடையில் கேட்டால் ஸ்பிரிங்கைத் தூக்கிப் போட்டுவிட்டு பிளைவுட் அடிக்கச் சொல்கிறார்கள். எனக்கு இஷ்டமில்லை. அந்த ஆட்டம் இல்லாமல் என்ன அம்பாசிடர்?

இதே சீட்டை ஸ்பிரிங்கோடு வைத்துக் குஷன் போட்டவர்கள் சொல்லுங்கள்: சாக்குக்கு மேல் ரப்பர் கலந்த நார் ஷீட், கெட்டியான ஃபெல்ட் (அழுத்திச் செய்த பஞ்சு விரிப்பு), இரண்டில் எது நின்று உழைத்தது, எத்தனை அங்குலம் போட்டீர்கள்?