ஆஸ்மாசிஸ்: ‘சவ்வூடு பரவல்’ போதுமா, ‘சவ்வூறல்’ என்று சொல்லலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மெல்லிய சவ்வு வழியாகத் தண்ணீர் இடம் மாறும் ஆஸ்மாசிஸுக்கு ‘சவ்வூடு பரவல்’ பாடநூலில் நிலைத்துவிட்ட சொல், அதை ஏன் இப்போது கிளற வேண்டும் என்று சென்ற மடலில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. போன வாரம் வரை எனக்கும் அதே எண்ணம்தான். காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நடந்ததைச் சொன்னால் ஏன் மாறினேன் என்பது புரியும்.

ஒன்பதாவது படிக்கும் என் மகள் ஒரு கோழிமுட்டையை வினிகரில் போட்டு வைத்தாள். ஓட்டிலுள்ள கால்சியம் கார்பனேட் கரையக் கரைய முட்டை முழுக்கப் பொடிக் குமிழிகள். இடையில் ஒருமுறை வினிகரை மாற்றினாள். இரண்டு நாள் கழித்து எடுத்தால் ஓடே இல்லை. விரல் பட்டால் குழைகிறது, விளக்கு வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே மஞ்சள் கரு நிழலாக அசைகிறது. ஓட்டோடு 58 கிராம் இருந்த முட்டை, ஓடு போன பிறகு 78 கிராம்! வினிகரில் பெரும்பங்கு தண்ணீர்தானே, அது உள்ளே போயிருக்கிறது. அப்புறம் கெட்டிச் சர்க்கரைப் பாகில் ஒரு நாள் வைத்தாள். 51 கிராமுக்கு இறங்கி, தோல் சுருங்கி, காற்றுப் போன பந்து மாதிரி ஆகிவிட்டது.

நோட்டில் அவள் எழுதியிருந்தது: ‘சர்க்கரை சவ்வு வழியாக முட்டைக்குள் பரவியது.’ உள்ளே போயிருந்தால் எடை எப்படிக் குறையும் என்று கேட்டேன். “பரவல்னுதானேப்பா போட்டிருக்கு? எது அதிகமா இருக்கோ அதுதானே பரவும்?” என்றாள். அவள் மேல் தப்பில்லை. ஊதுபத்தி வாசம் பரவும், தண்ணீரில் விட்ட மை பரவும். ‘பரவல்’ என்றதும் மை, சர்க்கரை மாதிரிக் கரைபொருள்தான் கண்முன் வருகிறது. இங்கே நகர்வதோ கரைப்பான், அதாவது தண்ணீர்; அதுவும் செறிவு குறைந்த கரைசலிலிருந்து செறிவு மிகுந்த கரைசலுக்கு. அந்தச் சொல்லில் இதற்குத் தடயமே கிடையாது.

(முட்டையில் மிஞ்சுவது செல் சவ்வு அல்ல, புரத இழைகளாலான ஓட்டுச் சவ்வு. தண்ணீரைப் போகவிட்டு, வெண்கருப் புரதத்தைத் தடுப்பதால் செல் சவ்வின் வேலையைக் காட்ட உதவுகிறது. இதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட வேண்டும்.)

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே என் அம்மா ஊறுகாய் ஜாடியைத் திறந்து, “ராத்திரி உப்புப் போட்டது, நல்லா ஊறித் தண்ணி விட்டிருக்குது பாரு” என்றார். நாட்டு மாங்காய்த் துண்டும் கல் உப்பும் மட்டும்தான் போட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. துண்டுகள் பாதி மூழ்கிக் கிடந்தன.

ஊறுதல்! கடலை ஊறினால் தண்ணீர் உள்ளே போகிறது. மாங்காய் ஊறினால் வெளியே வருகிறது. கிணறு ஊறினாலும் வாயில் எச்சில் ஊறினாலும் வருவது நீர்தான். திசை எதுவானாலும் நீரின் நகர்வை இவ்வளவு இயல்பாகச் சொல்லும் வேறு வினை எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் வெறும் ‘ஊறல்’ போதாது. காய்ந்த கடலை ஊறுவது பெரும்பாலும் உள்ளீர்த்தல் (காய்ந்த பொருள் தண்ணீரை உறிஞ்சி உப்புவது), அது வேறு நிகழ்வு. மாங்காயிலும் முதலில் நீர் வெளியேறுகிறது. செல்கள் செத்துச் சவ்வு கெட்ட பிறகு உப்பு உள்ளே இறங்குகிறது. அம்மாவுக்கு இரண்டும் ‘ஊறியது’தான், நமக்கு முதல் பாதி மட்டும் வேண்டும். பச்சை உருளைக்கிழங்கில் குழி தோண்டிச் சர்க்கரை போட்டுத் தண்ணீர்த் தட்டில் வைத்தால் குழியில் நீர் சேரும். வேகவைத்த கிழங்கில் அப்படிச் சேராது, சவ்வு வெந்து கெட்டுவிட்டதே. ஆகவே சவ்வு சொல்லுக்குள் இருந்தே ஆக வேண்டும்: சவ்வு + ஊறல் = சவ்வூறல். எங்கள் பக்கத்துச் செய்திகளில் அடிக்கடி வரும் ‘சாராய ஊறல்’ (சாராயத்துக்குப் புளிக்க வைத்த கலவை) குழப்பமும் இதனால் தீரும்.

இலங்கையில் வழங்கும் ‘பிரசாரணம்’ ஒரே சொல்லாக இருப்பதால் கிளைச்சொற்களுக்கு வசதி. ஆனால் பிள்ளைக்குப் பொருள் தெரியாது. 1820களில் பிரெஞ்சு அறிவியலாளர் டுட்ரோஷே இதற்குப் பெயர் வைத்தபோது ‘தள்ளுதல்’ என்ற எளிய கிரேக்கச் சொல்லைத்தான் எடுத்தார். நாமும் வீட்டுச் சொல்லை எடுப்பதில் குறையில்லை.

கிளைச்சொற்களும் சுருக்கமாக அமைகின்றன. சவ்வு வழியே நீர் வருவதை நிறுத்தத் தேவையான ‘சவ்வூடு பரவல் அழுத்தம்’ என்பதை ‘ஊறழுத்தம்’ என்னலாம், ஊறுகாய் போலவே வினைத்தொகை. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு இருப்பதால் ஆர்.ஓ. (ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ்) தண்ணீர் இங்கே தெருப்பேச்சு. ‘எதிர்ச் சவ்வூடு பரவல்’ என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஊறழுத்தத்தை மிஞ்சி அழுத்தி, நீரை எதிர்த்திசையில் வரவைப்பது ‘எதிரூறல்’. இது நாக்கில் நிற்கும் என்று நம்புகிறேன்.

ஒன்றுதான் இடிக்கிறது. நீர் உள்ளே வருவதை ‘உள்ளூறல்’ என்றால் ‘உள்ளூர மகிழ்ந்தான்’ என்பதோடு காதில் மோதுகிறது. ‘அகவூறல், புறவூறல்’ சரிவருமா? உயிரியல் நடத்தும் ஆசிரியர்கள் சொல்ல வேண்டும். சுருங்கிய முட்டையை மகள் இப்போது வெறும் தண்ணீரில் போட்டிருக்கிறாள். காலையில் எடை பார்த்ததும் எழுதுகிறேன்.